சிறிய கருவி, பெரிய விலை!

1909 அக்டோபர் 26 அன்று மஞ்சூரியாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இடோ ஹிரோபுமியைக் கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜுங்-குன் சுட்டுக் கொன்றார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பெர்டினாண்டும் அவர் மனைவியும் காவ்ரிலோ பிரின்சிப்பின் தோட்டாக்களுக்கு இரையாயினர். முதல் உலகப் போர் மூண்டது.

இந்த மூன்று நிகழ்வுகளின் அரசியலும் நியாயங்களும் வெவ்வேறானவை. அவற்றை எடைபோடுவது வரலாற்றாசிரியர்களின் பணி. ஆனால், மூன்று இடங்களிலும் பயன்பட்ட கருவி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. பெல்ஜியத்தில் தயாராகி, உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி அது. ஐந்தே ஆண்டுகளில் மூன்று தொலைதூர நிலப்பரப்புகளில் ஒரே தொழிற்சாலையின் சரக்கு சென்று சேர்ந்தது எப்படி என்பது பொருளியல் சார்ந்த கேள்வி.

பல ஆண்டுகள் வகுப்பறையில் 'புறவிளைவு' என்ற கருத்தைக் கற்பித்தவன் நான். ஒரு பொருளை வாங்குபவரும் விற்பவரும் பயனைப் பகிர்ந்துகொள்ள, அதன் செலவு மூன்றாவது மனிதரின் தலையில் விழுவதே புறவிளைவு. அதற்கு நான் சொல்லி வந்த உதாரணம், பாலாற்றில் கலந்த தோல் பதனிடும் ஆலைக் கழிவு. இன்று கற்பிக்க நேர்ந்தால், சட்டைப்பையில் அடங்கும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியையும் சேர்த்துச் சொல்வேன். அதன் நூற்றிருபது ஆண்டு வரலாறு, பொறியியலின் வரலாறாக இருக்கும் அளவுக்குச் சந்தையின் வரலாறாகவும் சட்டத்தின் வரலாறாகவும் இருக்கிறது.

மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய துப்பாக்கி வேண்டும் என்ற ஆசை பழையது. 1865-இல் ஆபிரகாம் லிங்கனின் உயிரைப் பறித்தது, உள்ளங்கையில் அடங்கும் டெரிஞ்சர் வகைத் துப்பாக்கி. அதில் ஒரே ஒரு தோட்டாதான் இருக்கும். சாமுவேல் கோல்ட் 1836-இல் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியில் பல தோட்டாக்களை நிரப்பலாம். ஆனால், அவற்றைத் தாங்கும் உருளை பருமனானது. உடைக்குள் வைத்தால் புடைத்துத் தெரியும். ஒன்று தோட்டா குறைவு, அல்லது பருமன் அதிகம் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலை.

அதை மாற்றிய முதல் காரணம் வேதியியல். 1884-இல் பிரான்ஸின் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். பழைய கருமருந்து எரிந்தால் புகையும் கரியும் மண்டி, நுட்பமான உறுப்புகளை அடைத்துவிடும். புதிய மருந்து ஏறத்தாழச் சுத்தமாக எரிந்தது. குறைந்த அளவிலேயே அதிக ஆற்றல் தந்தது. தோட்டா சிறிதாயிற்று. ஒரு வெடிப்பின் ஆற்றலைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் தானியங்கி அமைப்பும் சாத்தியமாயிற்று.

1893-இல் வந்த போர்ச்சார்ட், 1896-இல் வந்த மவுசர் ஆகியவை இந்த வாய்ப்பைப் பயன்படுத்திய தொடக்ககாலக் கைத்துப்பாக்கிகள். இரண்டும் பெரியவை, இடுப்பு உறையில் வைத்துச் செல்லலாமே தவிர, சட்டைப்பையில் வைக்க இயலாது. அந்தத் தடையைத் தாண்டியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் நகரில் 1855-இல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங்.

துப்பாக்கிக் குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஓர் எஃகு மூடியை அவர் அமைத்தார். 'ஸ்லைடு' என்பது அதன் பெயர். தோட்டா வெடித்ததும் வாயுவின் அழுத்தம் குண்டை முன்னே தள்ளுகிறது. வெற்று உறையைப் பின்னே தள்ளுகிறது. உறையுடன் ஸ்லைடும் பின்னே செல்கிறது. உறை வெளியே தெறிக்கிறது. சுருள்வில் ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளும்போது, கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாக்கூட்டிலிருந்து அடுத்த தோட்டா மேலேறுகிறது. ஒவ்வொரு முறை சுடவும் விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும் என்பதால் இது 'அரைத் தானியங்கி'. தோட்டாக்கள் உருளையில் வட்டமாக இல்லாமல் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதால் துப்பாக்கி தட்டையாயிற்று.

பெரிய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கக் குழலையும் ஸ்லைடையும் ஒரு கணம் பிணைத்து வைக்கும் பூட்டு அமைப்பு வேண்டும். பிரௌனிங் சிறிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார். .32 அங்குலம் அல்லது 7.65 மி.மீ. என்று அழைக்கப்படும் அந்தத் தோட்டாவுக்கு ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விசையுமே போதும். தனிப் பூட்டு தேவையில்லை. உறுப்புகள் குறைந்தன, அளவு குறைந்தது, உற்பத்திச் செலவும் குறைந்தது. இந்த எளிமையே பின்னர் வந்த பெரும்பாலான சிறு கைத்துப்பாக்கிகளின் அடித்தளம்.

அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரிலிருந்த எஃப்.என். நிறுவனம். பெல்ஜிய அரசுக்கு ஒன்றரை லட்சம் மவுசர் துப்பாக்கிகளைச் செய்து கொடுப்பதற்காகவே 1889-இல் தொடங்கப்பட்ட ஆலை அது. அத்தகைய ஒற்றை ஒப்பந்தம் முடிந்ததும் இயந்திரங்களும் தேர்ந்த தொழிலாளர்களும் எஞ்சினர், வேலைதான் இல்லை. அந்த ஆலை மிதிவண்டி செய்தது. மோட்டார் சைக்கிள் செய்தது. 1897-இல் பிரௌனிங்குடன் ஒப்பந்தமும் செய்துகொண்டது. ராணுவத்துக்காக உருவாக்கிய உற்பத்தித் திறன், வேலையின்றிக் கிடக்கும்போது குடிமக்களை வாடிக்கையாளர்களாகத் தேடிப் போகும். ஆயுதத் தொழிலில் இது பலமுறை நிகழ்ந்துள்ளது.

'1900 மாதிரி' என்று பெயர் பெற்ற அந்தத் துப்பாக்கி ஏறத்தாழ 7 லட்சம் விற்பனையானது. ஹார்பினில் பயன்பட்டது இதுவே. பிரௌனிங்கின் வடிவமைப்புகளை ஐரோப்பாவில் எஃப்.என். விற்க, அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் விற்றது. இரு நிறுவனங்களும் உலகைப் பங்கிட்டுக்கொண்டன. அடுத்து வந்தது 6.35 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் குறுந்துப்பாக்கி. அதன் நீளம் 11.5 செ.மீ. அளவே, எடை 400 கிராமுக்கும் குறைவு. அமெரிக்காவில் கோல்ட் 1908-இல் அதை 'வெஸ்ட் பாக்கெட்' என்ற பெயரில் விற்றது. மேலங்கிப் பையில் அடங்கும் என்பதே பொருளின் பெயராகவும் விளம்பரமாகவும் ஆயிற்று. விற்கப்பட்டது சுடும் திறன் மட்டுமன்று, மறைவும்தான்.

1910 மாதிரியில் சுருள்வில்லைக் குழலைச் சுற்றியே அமைத்தார் பிரௌனிங். வடிவம் மேலும் ஒல்லியானது. அதில் மூன்று பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. கையால் போடும் பூட்டு ஒன்று. கைப்பிடியை இறுகப் பிடித்தால் மட்டுமே விடுபடும் பூட்டு மற்றொன்று. தோட்டாக்கூட்டைக் கழற்றிவிட்டால் சுடாமல் தடுக்கும் பூட்டு மூன்றாவது. வைத்திருப்பவரைத் தற்செயல் விபத்திலிருந்து காக்க மூன்று ஏற்பாடுகள். எதிரே நிற்பவரைக் காக்க எந்தப் பொறியாளராலும் ஏற்பாடு செய்ய இயலாது. சரயேவோவில் பயன்பட்டது இந்த மாதிரிதான்.

எளிய வடிவமைப்பு என்றால் நகலெடுப்பதும் எளிது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ஐபார் நகரைச் சுற்றியிருந்த பட்டறைகள் பிரௌனிங்கின் 1903 மாதிரியைத் தழுவி 'ரூபி' என்ற கைத்துப்பாக்கியைச் செய்தன. முதல் உலகப் போரில் ஆயுதப் பற்றாக்குறையால் தவித்த பிரான்ஸ் அவற்றை லட்சக்கணக்கில் வாங்கியது. ஒரு பட்டறையின் உறுப்பு மற்றொரு பட்டறையின் துப்பாக்கிக்குப் பொருந்தாத நிலையும் இருந்தது. சீனாவிலும் 1900 மாதிரியின் நகல்கள் சிறு பட்டறைகளில் பெருகின. காப்புரிமை ஒரு நாட்டின் எல்லையில் நின்றுவிடும்; தொழில்நுட்பம் நிற்காது.

இந்த வரலாற்றின் அடுத்த மைல்கல் ஜெர்மனியில் நடப்பட்டது. வால்தர் நிறுவனம் 1929-இல் காவல்துறைக்காக 'பிபி' மாதிரியையும், ஓரிரு ஆண்டுகளில் அதனினும் சிறிய 'பிபிகே' மாதிரியையும் வெளியிட்டது. அதற்கு முன் பெரும்பாலான சிறு துப்பாக்கிகளில், உடனே சுட வேண்டுமானால் சுத்தியலையோ ஊசியையோ முன்னரே இழுத்து நிறுத்தி வைத்திருக்க வேண்டும், அது ஆபத்தானது. வால்தர் வடிவமைப்பில் விசையை நீளமாக இழுத்தால் அதுவே சுத்தியலை உயர்த்திச் சுடும். குழலில் தோட்டா இருக்கிறதா என்பதை விரலால் தடவி அறிய ஒரு சிறு முள்ளும் உண்டு. சாதாரண உடைக் காவலர்களுக்காகப் பிறந்த இந்தக் கருவி, ஜேம்ஸ் பாண்ட் கதைகளால் உலகெங்கும் கவர்ச்சிப் பொருளானது.

இத்தாலியில் பெரெட்டா நிறுவனம் 1934-இல் ராணுவத்துக்காக ஒரு சிறு கைத்துப்பாக்கியை வடிவமைத்தது. அதற்கான தோட்டா, பிரௌனிங் 1908-இல் உருவாக்கிய 9 மி.மீ. குறுந்தோட்டா. அந்த மாதிரியில் ஒன்று குவாலியரில் கைமாறி, தில்லி வந்தது. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகைத் தோட்டத்தில் மகாத்மா காந்தியின் மார்பில் பாய்ந்தவை அதன் தோட்டாக்கள். பிரார்த்தனைக்கு வந்த கூட்டத்தில் ஒருவர் கும்பிட்டபடி நெருங்க முடிந்தது என்றால், கருவியின் சிறுமையும் அதற்கு ஒரு காரணம்.

இங்கே பொருளியல் கவனிக்க வேண்டிய மற்றோர் உண்மை இருக்கிறது. துப்பாக்கி நீடித்து உழைக்கும் பொருள். தொலைக்காட்சிப் பெட்டியைப்போலப் பத்து ஆண்டுகளில் பழுதாகிக் குப்பைக்குப் போவதில்லை. எண்ணெய் இட்டு வைத்தால் இரண்டு, மூன்று தலைமுறைகளுக்கு இயங்கும். செய்தவர், முதலில் வாங்கியவர், இறுதியில் பயன்படுத்தியவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருப்பார்கள். எனவே, முதல் விற்பனையை மட்டும் கண்காணிக்கும் சட்டம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

சட்டம் எதை அளக்கிறதோ அதற்கேற்பத் தொழில் தன்னை வளைத்துக்கொள்ளும் என்பதற்கு அமெரிக்கா சிறந்த உதாரணம். கென்னடி சகோதரர்கள், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் படுகொலைகளுக்குப் பின் 1968-இல் அங்கு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மறைத்து வைக்க வசதியான மலிவுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுக்க, உயரம், நீளம், எடை போன்றவற்றுக்கு மதிப்பெண் அளிக்கும் முறை வந்தது. பிபிகே மாதிரியின் உயரம் சில மில்லிமீட்டர் குறைந்ததால் அது தகுதி இழந்தது. வால்தர் என்ன செய்தது? பிபி மாதிரியின் உயரமான உடலில் பிபிகே மாதிரியின் குட்டையான ஸ்லைடைப் பொருத்தி, 'பிபிகே/எஸ்' என்ற பெயரில் அனுப்பி வைத்தது. சட்டம் நிறைவேற்றப்பட்டது, நோக்கம் நிறைவேறவில்லை.

அதே சட்டம் இறக்குமதியை மட்டுமே அளந்தது. உள்நாட்டு உற்பத்தியை அளக்கவில்லை. விளைவு, தெற்கு கலிபோர்னியாவில் துத்தநாகக் கலவையை வார்த்து மலிவுக் கைத்துப்பாக்கி செய்யும் நிறுவனங்கள் முளைத்தன. வெளிநாட்டுப் போட்டி இல்லாத சந்தையை அரசே அவற்றுக்கு அமைத்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று. கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது என்பது போன்ற சோதனைகளை கலிபோர்னியா மாநிலம் கட்டாயமாக்க 1999-ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே பொருளும் மாறியது. ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துவந்த காஸ்டன் கிளாக், உறுதியான பிளாஸ்டிக் உடல் கொண்ட கைத்துப்பாக்கியை உருவாக்கி, 1982-இல் அந்நாட்டு ராணுவத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றார். அது 17 தோட்டாக்களைக் கொண்ட 9 மி.மீ. துப்பாக்கி. எடையும் உறுப்புகளின் எண்ணிக்கையும் குறைந்தன. 1988-இல் அதன் சிறிய வடிவமான 'கிளாக் 19' வந்தது. 1994-இல் அமெரிக்கா, புதிதாகச் செய்யப்படும் தோட்டாக்கூடுகள் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது என்று பத்தாண்டு காலத்துக்கு விதித்தது. பத்துதான் உச்சவரம்பு என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு என்று வாங்குவோர் எண்ணினர். பத்துத் தோட்டாக்களைக் கொண்ட, உள்ளங்கை அளவிலான 'கிளாக் 26' போன்றவை வந்தன. தோட்டாவைக் குறைக்க வந்த விதி, மறைவைக் கூட்டும் போட்டிக்கு எண்ணெய் வார்த்தது.

வலுவான 9 மி.மீ. தோட்டாவைக் குறுந்துப்பாக்கியில் அடைப்பது எளிதன்று. குழலும் ஸ்லைடும் பிணைந்து பின்னகர்ந்து, பிறகு குழல் சாய்ந்து பிரியும் பிரௌனிங்கின் மற்றோர் அமைப்பே இதற்கும் உதவியது. 2018-இல் வந்த 'சிக் பி365' ஏறத்தாழ ஓர் அங்குலப் பருமனிலும் அரை கிலோ எடையிலும், கூட்டில் பத்துத் தோட்டாக்களுடன் வந்தது. அதே எடையளவில் முன்னர் இருந்தவற்றைவிடத் தோட்டாவும் அதிகம், வலுவும் அதிகம்.

வாங்குபவர் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தனியே வாழும் முதியவர், மிரட்டலுக்கு ஆளான பெண், இரவில் கடையைப் பூட்டிவிட்டு நடக்கும் வணிகர் ஆகியோருக்குச் சிறு துப்பாக்கி தன்னம்பிக்கை தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. புளோரிடா 1987-இல் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தை எளிதாக்கியபோது முன்வைக்கப்பட்ட வாதமும் இதுதான். இன்று அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கு மேல் அதற்கு உரிமமே தேவையில்லை.

ஆனால், கணக்கின் மறுபக்கம் கனமானது. குட்டையான குழல் கொண்ட துப்பாக்கியில் குறி பார்ப்பது கடினம். எடை குறைவதால் அதிர்வும் கூடும். பயிற்சி இல்லாதவர் கையில் அது காப்பதைவிடத் தவறுவதே எளிது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்கு அஞ்சி வாங்கப்படும் கருவி, வீட்டிலுள்ள ஒருவரின் மிகப் பலவீனமான ஒரு மணி நேரத்தில் அவருக்கே எதிரியாகிறது. அந்தச் செலவு எந்த விலைச்சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை. 1972-இல் இயற்றப்பட்ட அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம், துப்பாக்கியையும் தோட்டாவையும் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்தது. அந்தச் சட்டத்தின்படி பொம்மைத் துப்பாக்கிக்குத் தர விதி வகுக்கலாம். உண்மைத் துப்பாக்கிக்கு வகுக்க முடியாது.

நம் நாட்டின் நிலை வேறு. 1878-ஆம் ஆண்டின் காலனிய ஆயுதச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே மணியாச்சிக்கு அந்தக் கருவி வந்து சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். இன்று நம்மை ஆள்வது 1959-ஆம் ஆண்டின் சட்டம். உரிமம் பெறும் குடிமகனுக்குப் பொதுவாகக் கிடைப்பது தடை செய்யப்படாத விட்டம் கொண்ட துப்பாக்கி, 9 மி.மீ. தடை செய்யப்பட்டது. எனவே, இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படும் 'அசனி' கைத்துப்பாக்கி இன்றும் .32 தோட்டாவையே பயன்படுத்துகிறது. பிரௌனிங் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய அதே தோட்டா! சட்டம் ஒரு தொழில்நுட்பத்தை நூற்றாண்டுக் காலம் உறைய வைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விலையும் இங்கே ஒரு வேலியாக நிற்கிறது. 2014-இல் பெண்களின் தற்காப்புக்கென்று அறிமுகமான 'நிர்பீக்' சுழல் துப்பாக்கியின் விலை ரூ.1.22 லட்சத்தை ஒட்டியிருந்தது. தற்காப்பு தேவைப்படும் ஏழைப் பெண்ணுக்கு அது எட்டாக்கனி. மறுபுறம், பிகாரின் முங்கேர் பகுதிப் பட்டறைகளில் கள்ளத்தனமாகச் செய்யப்படும் 7.65 மி.மீ. கைத்துப்பாக்கிகளைக் காவல்துறை பறிமுதல் செய்யும் செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். உரிமம் பெற்றவர் கையில் .32, கள்ளச்சந்தையில் 7.65. பெயர்தான் வேறு, தோட்டா ஒன்றே.

2019-இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் உச்சவரம்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், விட்டம், உயரம், எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் அளக்கும் கொள்கை, பிபிகே/எஸ் போன்ற மாற்றுவழிகளுக்கு இடம் தரும் என்பதே இந்த நெடிய வரலாற்றின் பாடம். அளக்க வேண்டியது கைமாற்றத்தை. ஒவ்வொரு துப்பாக்கியும் எந்த எண்ணுடன், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது அதன் ஆயுள் முழுவதும் பதிவாக வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்தால் அவருடைய துப்பாக்கி என்னவாயிற்று என்பது விசாரிக்கப்பட வேண்டும். வீட்டில் பூட்டி வைக்கும் ஏற்பாடு, எழுதி வாங்கும் உறுதிமொழியுடன் நின்றுவிடாமல் நேரில் சரிபார்க்கப்பட வேண்டும். முங்கேரின் தேர்ந்த உலோகத் தொழிலாளர்களுக்கு, கள்ளத் துப்பாக்கியைவிட நல்ல கூலி தரும் வேறு வேலையும் வேண்டும். அன்று எர்ஸ்டால் ஆலையிலும் கேள்வி அதுவாகத்தான் இருந்தது: கற்ற கைத்திறனுக்கு அடுத்து என்ன வேலை?

1926 நவம்பரில், எர்ஸ்டால் ஆலையில் அடுத்த கைத்துப்பாக்கியின் வடிவமைப்புப் பணியில் இருந்தபோது மாரடைப்பால் காலமானார் பிரௌனிங். அவர் தீர்த்தது ஒரு பொறியியல் கணக்கு: குறைந்த உறுப்புகள், குறைந்த இடம், குறைந்த செலவு. அந்தக் கணக்கில் அவர் பிழை செய்யவில்லை. மூன்றாவது மனிதருக்கான செலவு அவருடைய கணக்கேட்டில் இல்லை, எஃப்.என். ஆலையின் கணக்கேட்டிலும் இல்லை. அதை எழுதும் பொறுப்பு அரசுகளுக்கும், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் நமக்கும் உரியது.